முப்பதில் நின்ற ஊசி

சொன்ன சொல்லைக் கேட்டு நடந்ததால் ஓர் உயிர் போய்விட்டால், அதைப் போக்கியவர் யார்? சொன்னவரா, கேட்டவரா, அல்லது அந்தச் சொல்லேதானா? முள்ளியவளைச் சிற்றம்பலத்தின் வாழ்க்கையைப் பார்க்கிறவர் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அவர் பெயர் எடுத்த மனிதரல்ல. நெல்லு மில்லில் எஞ்சின் ஓட்டினார். பின்னேரம் கிணற்றடியில் எண்ணெய்க் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கோயிலில் கூட்டம் குறைந்த பிறகு போய்க் கும்பிட்டார். அவரை நல்லவர் என்று சொல்லிவிடுவது சுலபம். சுலபமாக இருக்கிறது என்பதற்காகவே அதைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

அவருக்கு எஞ்சின்கள் மேல் இருந்தது ஆசை என்பதை விடப் பயம் என்பதே சரி. அந்தப் பயம் வந்த வருடம் ஐம்பத்தேழு. மில்லுக்குப் புது எஞ்சின் வந்திருந்தது. முதல் இரண்டு கிழமை பாரம் ஏற்றாமல் மெல்ல ஓட்ட வேண்டும், உள்ளே உலோகமும் உலோகமும் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்று அதைப் பொருத்திப் பூட்ட வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அறுவடைக் காலம். வண்டிகள் தெருவரை நின்றன. முதலாளி நாலாம் நாளே முழுப் பாரத்தையும் கொடுக்கச் சொன்னார். சிற்றம்பலம் கொடுத்தார். ஆறாம் நாள் எஞ்சின் இறுகி நின்றது. அந்தப் போகம் முழுவதும் மில் பூட்டிக் கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் முதலாளி, ட்ரைவர் அவசரப்பட்டுவிட்டான் என்று சொன்னார். சிற்றம்பலம் அப்போதும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எஞ்சின் விஷயத்தில் தெரிந்தவர் ஒரு சொல் சொன்னால், அவர் அதை மீறியதில்லை.

ஜெர்மன்காரர் ஒருவர் வந்தது அறுபத்தாறில். பரந்தன் பக்கம் ஓர் ஆலையில் இயந்திரம் பூட்ட வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் முல்லைத்தீவுக் கடலில் குளிக்கத் தன்னுடைய சிவப்புக் காரில் வருவார். இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கூரை துணியால் ஆனது. தாழ்வாக, நிலத்தோடு ஒட்டியது போல ஓடும். ஒரு ஞாயிறு அது பயணிகள் தங்குகிற றெஸ்ற் ஹவுஸ் வளவில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் எஞ்சின் தெரிந்தவர் என்று சிற்றம்பலத்தைக் கூட்டிப் போனார்கள். பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தவருக்கு, தான் இருபது வருடமாகப் பழகிய எதுவும் அங்கே இருக்கவில்லை. ஜெர்மன்காரர் ஒரு தடி எடுத்து மணலில் கீறிக் காட்டினார். நடுவில் இறுக்கிக் கட்டிய தலையணை மாதிரி ஓர் அறை. அதற்குள் மூன்று மூலை உள்ள ஒரு துண்டு. மேலும் கீழும் குத்துகிற பிஸ்டன் இல்லை. அந்த மூன்று மூலைத் துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சிற்றம்பலம் அந்தக் கீறலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதை மிதிக்காமல் சுற்றிப் போனார் என்று றெஸ்ற் ஹவுஸ் சமையல்காரர் பிறகு சொல்லிச் சிரித்தார்.

ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. ஓடாத காரை வாங்க வேறு ஆளில்லை. சிற்றம்பலத்தின் மனைவி கமலாசனி தன்னுடைய ஒரு சோடிக் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அப்படித்தான் கார் முள்ளியவளைக்கு வந்தது, மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிற்றில். சந்தியில் நின்றவர்கள், வண்டி ஓட்டுறது நீயோ மாடோ என்று சிற்றம்பலத்தைக் கேட்டார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மாட்டுக்கு லைசன்ஸ் இருக்குது என்று மட்டும் சொன்னார்.

கமலாசனிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. அதே வளவில் அடுத்த வீட்டில் அவளுடைய அக்கா பத்மாசனி இருந்தாள், கணவரை இழந்தவள், தங்கச்சியை வளர்த்தவளும் அவளே. அவள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதிலை மூண்டாவது ஆள் எங்கை இருக்கிறது என்று கேட்டாள்.

“மூண்டாவது ஆள் வரட்டும் அக்கா, பிறகு யோசிப்பம்” என்றாள் கமலாசனி. “இப்ப எங்களுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கு.”

அவள் இப்படிப் பேசுகிறவள். தனக்கு வலிக்கிற இடத்தைத் தானே முதலில் தொட்டுக்காட்டிவிடுவாள். மற்றவர்கள் தொட இடம் வைக்க மாட்டாள்.

கார் எட்டு மாதம் கிடுகுக் கொட்டிலில் கிடந்தது. வவுனியாவில் எஞ்சின் பிரித்துக் கட்டுகிற ஒருவர் இருக்கிறார் என்று பஸ் ட்ரைவர் ஒருவர் சொன்னார். ஜமால்தீன் என்று பெயர்; மூத்த முஸ்லிம் ஆள் என்பதால் எல்லாரும் நானா என்று கூப்பிடுவார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் அவருடைய கராஜ், பெயர்ப்பலகை இல்லை. பிரேக், லைற், பெயின்ற் என்று எதற்கும் அவர் கை வைக்க மாட்டார். எஞ்சின் மட்டும். கொண்டு வருகிறவரிடம் முதலில், எப்ப வேணும் என்று கேட்பார். கெதியா வேணும் என்று சொன்னவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். சிற்றம்பலத்திடமும் கேட்டார். எப்ப முடியுதோ அப்ப தாங்கோ நானா என்று சிற்றம்பலம் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவர் அந்த வேலையை எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவருக்கும் அந்த எஞ்சினைத் தெரியாது.

பிரித்த அன்று சிற்றம்பலம் பக்கத்தில் இருந்தார். ஜமால்தீன் கடைசி மூடியையும் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பலகையில் குந்தி மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பி, பிஸ்டனைக் களவெடுத்துப் போட்டாங்கள் எண்டு முதல் நினைச்சுப்போட்டன்” என்றார். மூன்று மூலைத் துண்டின் ஒவ்வொரு மூலையிலும் நகத்தின் தடிப்பில் ஒரு சீல் இருந்தது. அவைதான் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றி, நெருப்பும் காற்றும் பக்கத்து அறைக்குப் போகாமல் காக்கின்றன. மூன்றில் இரண்டு உடைந்திருந்தன. சுவர் முழுக்க, கடல் வற்றிய பிறகு மணலில் தெரிகிற வரிகளைப் போலச் சின்னச் சின்ன வரிகள் விழுந்திருந்தன.

தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவரைக் கொண்டு ஜமால்தீன் ஜெர்மன்காரருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவித்தார். பதில் வர இரண்டு மாதமாயிற்று. வந்தபோது ஒரு சின்னப் பார்சலும் வந்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய புது சீல்கள். சுவரைக் கையால் தேய்த்து மட்டமாக்க ஜமால்தீனுக்குப் பதினொரு நாள் பிடித்தது. இரண்டு முறை பூட்டினார். இரண்டு முறையும் திருப்திப்படாமல் கழற்றினார். மூன்றாம் முறை எஞ்சின் சத்தம் போட்டபோது, அது சத்தம் என்று சொல்லும்படி இருக்கவில்லை. நல்ல தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது. ஜமால்தீன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். தன் வேலையைத் தானே பாராட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

ஜெர்மன்காரரின் கடிதத்தில் முடிவில் ஒரு விஷயம் எழுதியிருந்தது. முதல் ஆயிரம் மைலுக்கு, மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போகக்கூடாது. போனால் புது சீல்கள் சுவரோடு பழகுமுன் உடையும். உடைந்தால் எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும். தபால் கந்தோர்க்காரர் இதை இரண்டு முறை வாசித்துச் சொன்னார். ஜமால்தீன் வேகமானிக் கண்ணாடியில் முப்பதுக்கு நேரே சிவப்புப் பெயின்றால் மெல்லிய கோடு ஒன்று போட்டார்.

“இதைத் தாண்டினால் என்னட்டைத் திரும்பி வராதையுங்கோ” என்றார்.

“தாண்டமாட்டன் நானா.”

அன்று கமலாசனியும் வந்திருந்தாள். இருவரும் வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்கு அந்தக் காரில் திரும்பினார்கள். ஊசி கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வழியில் எல்லாரும் முந்திப் போனார்கள். மாங்குளத்தில் இறங்கிப் பிளேன்ரீ குடித்தார்கள். ஒட்டுசுட்டான் காட்டில் மயில் ஒன்று ரோட்டைக் கடக்கும் வரை நின்றார்கள். வீட்டுக்கு வர இருட்டத் தொடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு நேரம் பார்க்கத் தோன்றுவதில்லை. அன்று மட்டும் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்திருந்தால், இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கார் அதிகம் ஓடவில்லை. தண்ணீரூற்று வரை, முல்லைத்தீவு வரை, வற்றாப்பளைக் கோயில் வரை. மணல் ரோட்டில் எப்படியும் மெல்லத்தான் போக வேண்டும். ஆயிரம் மைல் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அறுபத்தெட்டு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த கமலாசனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது. சிற்றம்பலம் அவளைத் தூக்கிக் காரில் வைத்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பத்மாசனி அடுத்த பஸ்ஸில் பின்னால் வந்தாள். டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் இரத்தம் போகுது, சத்திரசிகிச்சை செய்ய வேணும், வவுனியாவுக்குத்தான் கொண்டு போக வேணும் என்றார். அம்புலன்ஸ் அன்று விடிய இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. எப்போது திரும்பும் என்று தெரியாது. உங்களிட்டைக் கார் இருக்குதுதானே என்றார் டொக்டர்.

கார் இருந்தது. அதில் இரண்டு இருக்கைகள் இருந்தன.

பத்மாசனி வாசலில் நின்றாள். அவளுக்குக் காரில் இடமில்லை. தங்கச்சியின் காலடியில் குந்துகிறேன் என்று கூடச் சொன்னாள். காலடியில் ஒரு பிள்ளை குந்தவும் இடமிருக்கவில்லை. அவள் தன் சேலைத் தலைப்பால் கமலாசனியின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்போது பதினொன்றரை மணி. பன்னிரண்டு மணிக்கு வவுனியா பஸ். அவள் அதில் ஏறினாள்.

வவுனியாவுக்கு ஏறக்குறைய அறுபது மைல். முப்பதில் போனால் இரண்டு மணித்தியாலம். ஒன்றரைக்குச் சேர்ந்துவிடலாம் என்று சிற்றம்பலம் கணக்குப் பார்த்தார். பிழையான கணக்கல்ல அது. ஊசியைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தினார். ஒட்டுசுட்டான் வர வெகுநேரமாயிற்று. மைல்கட்டைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நின்றன. அவசரமாகப் போகிறவனுக்கு வழி நீளும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கையில் மணிக்கூடு இல்லை. மாங்குளம் தாண்டும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது அவருக்குத் தெரிந்தது. அதையும் நம்பவில்லை, ஊசியை நம்பினார்.

புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் பின்னால் ஹோர்ன் கேட்டது. பஸ் ஒன்று வந்து, ஒரு கணம் பக்கத்தில் ஓடி, முந்திக்கொண்டு போனது. பஸ்ஸின் இடப்பக்கத்து ஜன்னலோரம் பின்னால் திரும்பி எழும்பி நின்றது பத்மாசனி. உயரத்தில் இருந்தவளுக்குத் துணிக்கூரைக்குக் கீழே தங்கச்சியைத் தெரியவில்லை. முன் கண்ணாடிக்குள்ளால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிற்றம்பலத்தின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகளில் அவசரம் இருக்கவில்லை என்று அவள் பிறகு சொன்னாள். பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். எதற்கு என்று கொண்டக்டர் கேட்டார். பஸ்ஸை விடக் கார் கெதியாகப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

பஸ்ஸின் புழுதி அடங்குமுன் சிற்றம்பலம் பெடலை அழுத்தினார். ஊசி கோட்டைத் தாண்டியது. முப்பத்தைந்து. நாற்பது. எஞ்சின் சிரமப்படவில்லை; குரல் கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். அவருக்கோ ஐம்பத்தேழாம் ஆண்டு மில் எஞ்சின் இறுகி நின்ற அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது. இரு பக்கமும் காடு. இங்கே நின்றால் அடுத்த வாகனம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்போது கமலாசனி அவருடைய மணிக்கட்டில் கையை வைத்தாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, கெதியாப் போகவேண்டாம். நில்லாமப் போனாப் போதும்.”

அவர் பெடலிலிருந்து காலைத் தளர்த்தினார். ஊசி முப்பதுக்கு வந்து நின்றது.

அவள் அதற்குப் பிறகு கதைத்தது ஒரேயொரு முறை. அடுப்படியில் அரிசி கிடக்குது என்றாள். அக்கா பாத்திருப்பா என்று அவர் சொன்னார். அக்கா அப்போது அவர்களுக்கு இரண்டு மைல் முன்னால், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

பத்மாசனி வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பஸ் இரண்டு இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சிவப்புக் கார் வந்தபோது மணி மூன்றாகப் பதினைந்து நிமிடம் இருந்தது. அவளே கதவைத் திறந்தாள். கமலாசனிக்கு அப்போதும் மூச்சு இருந்தது. தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். மூன்றேகாலுக்கு டொக்டர் வெளியே வந்தார். கர்ப்பம், குழந்தைப் பைக்கு வெளியே தங்கிவிட்டது, குழாய் வெடித்திருக்கிறது, இப்படி நடப்பது உண்டு. ஒரு மணித்தியாலம் முந்தி எண்டால் பாத்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டது பத்மாசனி. அவள் உண்மையைக் கேட்டாள். அவர் உண்மையைச் சொன்னார்.

கர்ப்பம் என்ற சொல் சிற்றம்பலத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு. கமலாசனிக்கே அது தெரிந்திருந்ததா என்று அவர் ஒருபோதும் அறியப் போவதில்லை.

செத்த வீட்டில் பத்மாசனி ஒப்பாரி வைக்கவில்லை. வந்தவர்களிடம் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். பதினொன்றரைக்குக் கார் வெளிக்கிட்டது. பன்னிரண்டுக்கு பஸ். புளியங்குளத்தில் பஸ் முந்தியது. “அரை மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டு, சந்திக்குச் சந்தி நிண்டு வந்த பஸ்ஸிலை நான் முதல் போயிட்டன்” என்பாள். “அவர் எஞ்சினைக் காப்பாத்திப்போட்டார்.” இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டாள். சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஊர் அந்த வசனத்தை எடுத்துக்கொண்டது. மில்லில் நெல்லுக் குத்த வந்தவர்கள் சிற்றம்பலம் வரும்போது கதையை நிறுத்தினார்கள். அதே வளவில், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, பத்மாசனி அவரோடு கதைக்காமல் இருந்தாள். சோறு மட்டும் சமைத்துத் தட்டத்தில் போட்டு, மூடி, அவருடைய வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். தங்கச்சி இருந்தால் வைத்திருப்பாள் என்பதற்காக.

அவரிடம் சொல்லக்கூடியது ஒன்று அப்போதே இருந்தது. அவவே மெல்லப் போகச் சொன்னவ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இறந்தவள் மேல் பாரத்தை இறக்கி வைக்க விரும்பவில்லை என்று நினைக்கலாம். அல்லது, மரணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள் சொன்னதை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்ட தன் காலை அவரே நம்பவில்லை என்றும் நினைக்கலாம். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

ஒரு ஸ்போர்ட்ஸ் காரை பஸ் முந்திய கதை, கொண்டக்டர் வாயால் வவுனியாக் கடைத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜமால்தீன் அதைத் தேத்தண்ணீர்க் கடையில் கேட்டார். மூன்றே கால் மணித்தியாலம் என்றார்கள். அவர் கராஜுக்குத் திரும்பி வந்து, நிலத்தில் கரித்துண்டால் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது மைல் வேகத்தில் வந்த கார் அறுபது மைலுக்கு அவ்வளவு நேரம் எடுக்க முடியாது. ஒன்றில் சிற்றம்பலம் முப்பதில் வரவில்லை. அல்லது முப்பது முப்பது அல்ல. சிற்றம்பலத்தின் சொல்லை அவர் அறிந்திருந்தார். ஆகவே இரண்டாவதைத்தான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து பத்து நாளில் அவர் முள்ளியவளைக்கு பஸ்ஸில் வந்தார். துக்கம் விசாரித்தார். பிறகு, காரை ஒருக்கா வெளியிலை எடுங்கோ தம்பி என்று கேட்டார். அது அன்றிலிருந்து கொட்டிலில்தான் நின்றது. இருவரும் தள்ளி வெளியே கொண்டு வந்தார்கள். கிணற்றடியில் நின்ற பத்மாசனி, அந்தியேட்டி ஈரம் காயேல்லை, சவாரி வெளிக்கிடுது என்று கப்பியைப் பார்த்துச் சொன்னாள்.

ஒட்டுசுட்டான் ரோட்டில் ஒரு மைல்கட்டைக்கு நேரே ஜமால்தீன் காரை நிறுத்தச் சொன்னார். வேகமானிக்குள் ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கங்களைச் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதினார். பிறகு ஒவ்வொரு மைல்கட்டையையும் வாய்விட்டு எண்ணினார். ஐந்தாவது கட்டையில் நிறுத்தச் சொல்லித் திரும்பவும் பார்த்தார். இலக்கம் எட்டுக் கூடியிருந்தது.

ஜமால்தீன் வேகமானிக்குக் கிட்டக் குனிந்தார். வேகமானியின் அடியில், தூசு படிந்த சின்ன எழுத்துகள் இருந்தன. ‘கே’, ‘எம்’, ஒரு சாய்கோடு, பிறகு ‘எச்’. சிற்றம்பலம் அந்த எழுத்துகளை முதல் நாளிலிருந்தே பார்த்திருக்கிறார். மணிக்கூட்டு முகத்தில் கொம்பனியின் பெயர் போட்டிருப்பது போல, இது அதைச் செய்த கொம்பனியின் பெயர் என்று நினைத்திருந்தார். கிலோமீற்றர் என்ற சொல் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அவருக்கு அறிமுகமானதுதான். ஆனால் அது புத்தகத்துக்குள் இருக்கிற தூரம். ரோட்டில் ஓடுகிற கார் ஒன்று அதில் தூரம் சொல்லும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இந்த நாட்டில் ரோட்டுகளும், கட்டைகளும், கார்களும், மனிதரும் மைலில்தான் கதைத்தார்கள்.

“துரை எங்களுக்காக மைலிலை எழுதியிருக்கிறார்” என்றார் ஜமால்தீன். “அவற்றை ஆக்களுக்கெண்டால் ஐம்பது எண்டு எழுதியிருப்பார். இவங்கள் மைல்காரர், மைலிலை சொல்லுவம் எண்டு, மரியாதைக்கு மாத்தி எழுதியிருக்கிறார். கார் எதிலை கதைக்குது எண்டு எங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சிருப்பார்.”

ஐம்பது. ஊசியை ஐம்பது வரை விட்டிருக்கலாம். எஞ்சினுக்கு ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றரை மணிக்கு, கணக்குப் பார்த்த அதே நேரத்துக்கு, வவுனியா வந்திருக்கும். பஸ் புளியங்குளத்தில் அவர்களைக் கண்டிருக்காது.

“கோடு போட்டது நான்” என்றார் ஜமால்தீன். “பிழை என்ரை. கிணத்தடியிலை நிண்ட அந்தத் தங்கச்சியிட்டை நான் வந்து சொல்லுறன். உங்கடை மேலை ஒண்டுமில்லை எண்டு நானே சொல்லுறன் தம்பி.”

சிற்றம்பலம் காரைத் திருப்பினார்.

யார் பிழை என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை. ஜெர்மன்காரர் மரியாதை செய்தார். ஜமால்தீன் கவனமாக இருந்தார். சிற்றம்பலம் சொல்லைக் காப்பாற்றினார். கமலாசனி கணவனைப் பதற விடவில்லை. நாலு பேரும் தங்களிடம் இருந்த நல்லதைக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு முடிவு வரும்போது, நல்லது என்று நாம் பழகிப்போய்ச் சொல்கிற சொல்லின் மேலேயே சந்தேகம் வருகிறது.

வளவுக்குள் கார் வந்தபோது பத்மாசனி முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜமால்தீன் இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தங்கச்சி, உங்களோடை ஒரு விஷயம் கதைக்க வேணும் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நாற்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிற்றம்பலத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம் மெலிந்திருந்தது. கோபமும் மெலிந்திருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு திரிய அவளுக்கும் பெலன் போதாமல் வந்திருக்க வேண்டும்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ” என்றாள். “அண்டைக்கு உங்களாலை கெதியா ஓட ஏலாமல்தானே அப்பிடி வந்தனீங்கள்? கார் ஓடேல்லைத்தானே?”

கேள்வி என்றாலும் அது வேண்டுகோள்தான். ஓம் என்ற ஒரு சொல் போதும். அந்த ஓம் பொய்யும் ஆகாது. அதற்குச் சாட்சியும் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிற்றம்பலம் அவளை நேரே பார்த்தார்.

“ஓடியிருக்கலாம், மச்சாள்” என்றார்.

இல்லைத் தங்கச்சி என்று ஜமால்தீன் தொடங்கினார். நானா, உங்களுக்கு பஸ் வரப்போகுது என்று சொல்லி, சிற்றம்பலம் அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரோட்டில் நின்று ஜமால்தீன் ஏன் என்று கேட்டார். பஸ் வரும்வரை கேட்டார். பஸ்ஸில் ஏறியும் ஜன்னலால் கேட்டார். கோட்டைத் தாண்டிப் பாத்தனான், ஓடினது, காலை எடுத்தது நான்தான் என்று சிற்றம்பலம் சொன்னார். கோடு பிழை என்பதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.